எழுபது புள்ளி ஒன்று

எனக்கு வியர்வை பிடிக்காது. இதை முதலில் சொல்லிவிட்டால் மற்றதெல்லாம் உங்களுக்குச் சுலபமாகப் புரியும். வியர்வை பிடிக்காத ஒருத்தி ஐந்து வருடமாக ஞாயிறுதோறும் காலை ஆறரை மணிக்கு ஆற்றங்கரைப் பாதையில் ஐந்து கிலோமீட்டர் ஓடியிருக்கிறாள் என்றால், அதற்கு ஒரு காரணம் இருக்கத்தானே வேண்டும்.

நம் ஓட்டக் குழுவின் கமிட்டியார் மூவரும் கையெழுத்துப் போட்டு ஒட்டியிருக்கும் அறிவிப்பைப் படித்தேன். போன ஞாயிற்றுக்கிழமை ஓட்டத்தை விதி பதினான்கின்படி கணக்கிலிருந்து நீக்கப் போகிறீர்கள். ஆட்சேபம் உள்ளவர்கள் ஏழு நாளுக்குள் எழுத்துமூலம் தெரிவிக்கலாம் என்றும் கடைசியில் ஒரு வரி. அந்த வரியை ஒரு முறைக்காகப் போட்டிருப்பீர்கள், யார் எழுதப் போகிறார்கள் என்று நினைத்திருப்பீர்கள். நான் எழுதுகிறேன். அந்த ஓட்டத்தில் எனக்குக் கிடைத்த ரேட்டிங் எழுபது புள்ளி ஒன்று. ஓட்டத்தை நீக்கினால் என் உச்சம் மறுபடியும் அறுபத்தெட்டு புள்ளி நான்கு. இதற்கு நடுவில் என்ன பெரிய வித்தியாசம் என்று கேட்பவர்கள், பலகையில் ஏற்கெனவே பெயர் எழுதப்பட்டவர்களாகத்தான் இருப்பார்கள்.

என்னை உங்களுக்குத் தெரியும். மருந்துக்கடைக்கு மேல்மாடியில் இருக்கும் பரிசோதனை நிலையத்தில் ரிப்போர்ட் கொடுக்கும் கவுன்டரில் உட்கார்ந்திருப்பவள். இந்த வட்டாரத்தில் யாருக்குச் சர்க்கரை எவ்வளவு, யாருக்குக் கொழுப்பு எவ்வளவு, எந்த வீட்டில் என்ன சோதனையை யாருக்குத் தெரியாமல் யார் எடுத்தார்கள் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். என்னை வம்புக்காரி என்று சிலர் சொல்வது காதில் விழாமல் இல்லை. நான் யார் விஷயத்துக்கும் வலியப் போனதில்லை. விஷயம்தான் உறையில் ஏறி என்னிடம் வருகிறது. அதுவும் ஒட்டாத உறையில்.

பதினெட்டு வருடமாக ஊரார் எண்களை மடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தவளுக்குத் தன் பெயருக்கு நேரே ஒரு எண் இருந்ததில்லை. பள்ளிக்கூடத்தோடு சரி. என் கணவர் நல்ல மனிதர், ஆனால் எதற்கும் மதிப்பெண் போடாதவர். சமையல் எப்படி என்றால் "இருக்கு" என்பார். புதுத் துணி எப்படி என்றால் அதற்கும் "இருக்கு" என்பார்.

என்னை ஓட்டத்துக்கு அழைத்து வந்தவர் எங்கள் அடுக்குமாடியில் எதிர் வீட்டு அண்ணா. பேருந்துப் பணிமனையில் டைம்கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். முப்பத்துநான்கு வருடம் வண்டிகளை நிமிடம் பிசகாமல் அனுப்பி அனுப்பி, அந்தப் பழக்கம் காலில் இறங்கிவிட்டது. குழுவில் எல்லோருக்கும் அவர் டைம்கீப்பர்தான். ஐந்து கிலோமீட்டரை இருபத்தைந்து நிமிடம் நாற்பது விநாடியில் ஓடுவார். மழையில்லை வெயிலில்லை, அதே இருபத்தைந்து நாற்பது. குழுவில் கூட ஓடும் ரொட்டிக்கடைக்காரர், மற்ற நாள்களில் அவர் ஓடிப்போவதைக் கடையிலிருந்து பார்த்துத்தான் அடுப்பிலிருந்து இரண்டாவது தட்டை எடுப்பாராம். கடைக்காரரே சொன்னது.

முதல் ஓட்டம் முடிந்த மத்தியானம் என் கைப்பேசியில் ஒரு செய்தி வந்தது. என் பெயர், பக்கத்தில் அறுபத்தொன்று புள்ளி இரண்டு. நம் குழுவின் கணினிக்காரத் தம்பியிடம், எல்லோரும் 'புள்ளி' என்று கூப்பிடும் அந்தத் தம்பியிடம், இது என்ன என்று கேட்டேன். என் வயதில் ஒரு பெண் ஓடக்கூடிய மிகச் சிறந்த நேரத்தை நூறாக வைத்தால் நான் ஓடியது அதில் எவ்வளவு என்பதுதான் அந்த எண் என்று விளக்கினான். வயது ஏற ஏற, அதே நேரத்துக்கு ரேட்டிங்கும் ஏறுமாம்.

அன்று சாயங்காலமே சங்க அறைக்குப் போய் என் படிவத்தில் வயதைத் திருத்திக் கொடுத்தேன். பதினோரு வருடமாக இந்தத் தெருவில் நாற்பதைத் தாண்டாமல் இருந்தவள் ஒரே நாளில் நாற்பத்தைந்து ஆனேன். ரேட்டிங் அறுபத்து மூன்று ஆயிற்று. உண்மை பேசுவதில் இத்தனை லாபம் இருக்கிறது என்று யாரும் எனக்கு அதற்கு முன் சொல்லித் தந்ததில்லை. என் கணவரிடம் காட்டினேன். "பாஸ்தானே?" என்றார்.

பாஸ் இல்லை. சங்க அறையில் நீல நிறப் பலகை ஒன்று இருக்கிறது. ஒரே ஒரு ஓட்டத்திலாவது எழுபதைத் தொட்டவர்களின் பெயர்கள் அதில் வெள்ளை எழுத்தில். மொத்தம் ஒன்பது பெயர். எழுதியதை அழிப்பதில்லை. கமிட்டியில் உங்கள் மூன்று பேர் பெயரும் அதில் இருக்கிறது.

மூன்று வருடம் முறையாகத்தான் முயன்றேன். செருப்பு வாங்கும் கடையில் ஓட்டச் செருப்பு கேட்டு அசடு வழிந்தேன். படியேறினேன். இனிப்பை விட்டேன். அறுபத்து மூன்று அறுபத்து மூன்றாகவே நின்றது. அப்புறம்தான் அந்தத் தண்ணீர் ஓட்டம் வந்தது. அதை நீங்கள் மறந்திருக்க முடியாது, செயலாளர் மறக்கவே முடியாது.

ஆற்றங்கரைப் பம்ப் ஹவுஸில் அன்று காலை வால்வைத் திறந்துவிட்டார்கள். பாதையில் கணுக்கால் ஆழம். எல்லோரும் தண்ணீரில் சளசளவென்று போனோம். நான் வழக்கத்தைவிட ஒரு நிமிடம் மெதுவாகத்தான் முடித்தேன். மத்தியானம் ரேட்டிங் வந்தது: அறுபத்தைந்து. கணினிக்குப் பைத்தியம் பிடித்துவிட்டதோ என்று புள்ளித் தம்பியைக் கேட்டேன்.

அவன் பொறுமையாகச் சொன்னான். கணினிக்குத் தண்ணீர் தெரியாது, காற்று தெரியாது, மேடு பள்ளம் தெரியாது. அதற்குத் தெரிந்தது ஒன்றுதான். ஒவ்வொருவரும் வழக்கமாக எவ்வளவு நேரத்தில் ஓடுவார்கள், இன்று எவ்வளவு நேரத்தில் ஓடினார்கள். எல்லோரும் வழக்கத்தைவிட மெதுவாக வந்தால், ஏதோ கடினமான நாள் போலிருக்கிறது என்று முடிவுகட்டி, பூஜ்ஜியத்திலிருந்து ஐந்துக்குள் ஒரு எண்ணைப் போடும். அந்த எண் எல்லோருடைய ரேட்டிங்கிலும் கூடும்.

"அப்ப நான் வேகமா ஓட வேண்டியதில்லையா தம்பி?"

"நீங்க எதுக்குக்கா கஷ்டப்படணும். மத்தவங்க மெதுவா ஓடினா போதும்" என்று சொல்லிச் சிரித்தான்.

நானும் சிரித்திருக்க வேண்டும். மறந்துவிட்டேன்.

அந்த ஓட்டத்தைக் கணக்கிலிருந்து நீக்க வேண்டும் என்று அப்போதே சிலர் கேட்டார்கள். விதி பதினான்கு சொல்வது இது: முன்கூட்டி யாருக்கும் தெரியாத நிகழ்வால் பாதிக்கப்பட்ட ஓட்டம் கணக்கில் சேராது. நம் செயலாளர், பல் டாக்டர், நெடிய கால்களோடு தண்ணீரைத் தாண்டித் தாண்டிப் போய் அன்றுதான் முதல்முறையாக எழுபதைத் தொட்டிருந்தார். அவரே விசாரித்தார். பம்ப் ஹவுஸ் காவலாளிக்கு வால்வு திறக்கப்போவது முதல் நாளே தெரியும் என்று கண்டுபிடித்தார். ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, யாரும் கேட்கவில்லையே என்று காவலாளி சொன்னாராம். ஒருவருக்குத் தெரிந்திருந்தால் அது முன்கூட்டித் தெரிந்த நிகழ்வுதான், ஆகவே ஓட்டம் செல்லும் என்று செயலாளர் தீர்ப்பு எழுதினார். நல்ல தீர்ப்பு. பலகையில் அவர் பெயர் வந்தது. அந்தத் தீர்ப்பின் நகல் என்னிடம் இருக்கிறது.

அதற்குப் பிறகு நான் செய்ததையும் மறைக்காமல் சொல்கிறேன். யாருக்கும் எதையும் கலந்து கொடுக்கவில்லை, பாதையில் ஆணி போடவில்லை. அப்படிச் செய்யும் ஆள் நான் இல்லை. பேசினேன், அவ்வளவுதான். எனக்கு இயல்பாக வருவது அது.

ஓட்ட எண் அட்டைகளைச் சனிக்கிழமை மாலை மைதானத்தில் கொடுப்பீர்கள் இல்லையா, அந்த வரிசைதான் எனக்கு வசதி. பல் டாக்டரிடம், எதிர்ச் சாரியில் திறந்திருக்கும் புதுப் பல் ஆஸ்பத்திரியில் நிற்க இடமில்லை என்றேன். உண்மைதான், நானே எட்டிப் பார்த்தேன். மறுநாள் அவர் நாற்பது விநாடி தாமதம். ஜோடியாகப் பேசிக்கொண்டே ஓடும் ஓரகத்திகள் இருவரில் மூத்தவரிடம், இளையவர் அவருடைய மகனின் படிப்பைப் பற்றிச் சொன்னதைச் சொன்னேன். இளையவரிடம், மூத்தவர் அதற்கு என்ன பதில் சொன்னார் என்பதைச் சொன்னேன். அடுத்த நாள் பாதையின் இந்த ஓரத்தில் ஒருவர், அந்த ஓரத்தில் ஒருவர். ஆளுக்கு ஒரு நிமிடம். ரொட்டிக்கடைக்காரரிடம் சொல்ல எதுவுமே இல்லை. "உங்க ரிப்போர்ட்டைப் பாத்தேன்" என்று சொல்லி, கொஞ்சம் நிறுத்தி, "பரவால்ல" என்றேன். ஒரு நிமிடம் பதினைந்து விநாடி.

மற்றவர்கள் பயிற்சிக் குறிப்பேட்டில் கிலோமீட்டர் எழுதுவார்கள். நான் பெயரும், சேதியும், விநாடியும் எழுதினேன். எந்தச் சேதி யாரை எத்தனை விநாடி பின்னால் இழுக்கிறது என்பது ஒரு வருடத்தில் கைவந்துவிட்டது. ஒரே சேதியை இரண்டாம் முறை சொன்னால் பாதிதான் வேலை செய்யும். வெளிப்படையாகச் சொல்வதைவிட, சொல்ல வந்து விட்டுவிட்டால் இரண்டு பங்கு. அளவு மீறியது ஒரே ஒரு தடவைதான். ஓவிய ஆசிரியையிடம் அவர் கணவரைப் பற்றிச் சொன்னது. இரண்டு நிமிடத்துக்குமேல் தாமதமாக வந்தார், நல்ல பலன். ஆனால் அடுத்த வாரம் அவர் வரவில்லை. வீட்டைப் பூட்டிக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போய்விட்டாராம், குழந்தையோடு. வருத்தம்தான். வராதவரைக் கணினி கணக்கில் எடுப்பதில்லை.

இப்படியாக அறுபத்தாறு, அறுபத்தேழு, கடைசியாக அறுபத்தெட்டு புள்ளி நான்கு. பிறந்த நாள்களும் தம் பங்குக்கு உதவின. அதற்குமேல் அசையவில்லை. புள்ளித் தம்பியிடம் சுற்றி வளைத்துக் கேட்டேன். கணினி எல்லோரையும் ஒரே மாதிரி நம்புவதில்லையாம். ஒரு வாரம் பறந்து மறுவாரம் ஊர்கிறவர் தாமதமாக வந்தால், இவர் இப்படித்தான் என்று விட்டுவிடுமாம். என்றைக்கும் ஒரே சீராக ஓடுகிறவர் தாமதித்தால்தான் நாளைச் சந்தேகிக்குமாம்.

"நம்ம டைம்கீப்பர் ஒருத்தர் அஞ்சாறு பேருக்குச் சமம்க்கா. அவர் லேட்டுன்னா உலகமே லேட்டுன்னு கணினி நினைச்சுக்கும்."

ஆக எதிர் வீட்டு அண்ணாதான் சாவி. ஆனால் அவரிடம் என் கைவரிசை செல்லவில்லை. மருமகன் வேலையை விட்டதைச் சொன்னேன். அண்ணியின் தம்பி வீட்டை விற்கப்போவதைச் சொன்னேன். முழுவதும் கேட்டுக்கொண்டார்.

"அது அவங்க வீட்டு விஷயம்மா. நம்ம வண்டி நேரத்துக்குக் கிளம்பிச்சா, அதைப் பாரு" என்றார். மறுநாள் இருபத்தைந்து முப்பத்தொன்பது. ஒரு விநாடி முன்னால்.

அப்படிப்பட்டவர் இரண்டு மாதத்துக்கு முன்னால் தானாகவே தாமதிக்க ஆரம்பித்தார். முதலில் இருபது விநாடி. பிறகு நாற்பது. இதில் என் கை எதுவும் இல்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். படியேறும்போது இரண்டாவது மாடியில் நின்று, சாவியைத் தேடுவதுபோலப் பையைத் துழாவுவார். சாவி கையில் இருக்கும். கதவு இடுக்கில் பார்ப்பேன். பார்க்க வேண்டும் என்று பார்ப்பதில்லை, கதவு அப்படி இருக்கிறது.

அண்ணிக்குப் பயம். அவரை இழுத்துக்கொண்டு எங்கள் நிலையத்துக்கே வந்தார். "நீ இருக்கிற இடம்னா எனக்கு நிம்மதி" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். மார்பில் ஒரு சின்னப் பெட்டியைக் கட்டி ஒரு நாள் முழுக்க இதயத்தின் ஓட்டத்தைப் பதிவு செய்யும் சோதனை. செவ்வாய்க்கிழமை கட்டினார்கள், புதன்கிழமை காலையில் கழற்றினார்கள். பதிவைப் பார்க்கும் இதய டாக்டர் வேறு கட்டடத்தில் இருக்கிறார். மாலை ஐந்து நாற்பதுக்கு அங்கிருந்து உறை வந்தது. மேலே சிவப்பு ஒட்டுச்சீட்டு.

சிவப்புச் சீட்டு ஒட்டிய உறை வந்தால் அன்றே கூப்பிட்டுச் சொல்ல வேண்டும் என்பது எங்கள் விதி. கூப்பிட வேண்டியவள் நான். உறையைத் திறந்து படித்தேன். ஓட்டம் அறவே கூடாது, வேகமாக நடக்கவும் கூடாது, உடனே சேர்க்கவும் என்று எழுதி, 'உடனே' என்பதன் கீழ் இரண்டு கோடு போட்டிருந்தார்கள்.

தொலைபேசியைக் கையில் எடுத்தேன். அதை நான் மறுக்க மாட்டேன். எடுத்துவிட்டு யோசித்தேன். சொன்னால் ஞாயிற்றுக்கிழமை அவர் வரமாட்டார். வராதவரைக் கணினி கணக்கில் எடுப்பதில்லை. இந்த நிலைமையில் அவர் ஓடினால் ஒரு நிமிடமாவது, ஒன்றரை நிமிடமாவது தாமதிப்பார். அதோடு நான் மற்றவர்களிடமும் கொஞ்சம் பேசிவைத்தால், நாளின் எண் நான்கைத் தாண்டும். என் காலும் இப்போது முன்பைவிடத் தேவலை. இன்னும் நான்கு நாள். அறுபத்தொரு வருடமாக ஓடிக்கொண்டிருக்கும் இதயம் இன்னும் நான்கு நாள் பொறுக்காதா. திங்கட்கிழமை காலை முதல் வேலையாக நானே அவரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போவதாக இருந்தேன். விடுப்புகூட எழுதிக் கொடுத்துவிட்டேன், வேண்டுமானால் விசாரித்துக்கொள்ளுங்கள். உறையை மேசை இழுப்பறையில், சாப்பாட்டு டப்பாவுக்கு அடியில் வைத்தேன்.

வெள்ளிக்கிழமை அண்ணா வந்தார். கவுன்டரைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் மூச்சு வாங்கினார்.

"ரிப்போர்ட் வந்துச்சாம்மா?"

"திங்கக்கிழமை வந்துடும்ணா."

"ஞாயித்துக்கிழமை ஓடலாமா கூடாதான்னு உங்க அண்ணி நச்சரிக்கிறா."

"ஏதாச்சும் மோசம்னா இங்கேருந்து உடனே கூப்பிட்டுச் சொல்லிடுவாங்கண்ணா. கூப்பிடலன்னா நல்லதுன்னுதானே அர்த்தம்."

அவர் முகம் தெளிந்துவிட்டது. "அதானே. முறைன்னு ஒண்ணு இருக்கும்ல" என்றார். முறையை நம்பியே வாழ்ந்த மனிதர். நான் சொன்னதில் ஒரு சொல்லும் பொய் இல்லை. மோசமாக இருந்தால் கூப்பிடுவார்கள்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலை நல்ல வானிலை. முப்பத்தொரு பேர் வந்தோம். எல்லோர் காலிலும் புள்ளித் தம்பி கொடுக்கும் அந்தச் சின்னப் பட்டை, முடிவுக்கோட்டுப் பாயை மிதித்தால் நேரம் பதிவாகிவிடும். அண்ணா எனக்கு முப்பது அடி முன்னால் ஓடினார். இரண்டு கிலோமீட்டரில் இருபது அடி ஆயிற்று. மூன்றாவது கிலோமீட்டரில், பம்ப் ஹவுஸ் அருகே, அவர் தோளை எட்டிவிட்டேன். ஐந்து வருடத்தில் ஒரு நாளும் அவரை நான் எட்டியதில்லை.

அவர் ஓட்டத்தை நிறுத்தி, பாதை ஓரக் கல்லில் உட்கார்ந்தார். கையைப் பார்த்தார், கடிகாரத்தைத்தான் பார்த்தார் என்று நினைக்கிறேன். பிறகு என்னைப் பார்த்தார்.

"கொஞ்சம் நில்லும்மா."

"இதோ வந்துடறேன்ணா" என்றேன்.

அதற்கு ஒரு விநாடிகூட ஆகவில்லை, ஓடிக்கொண்டேதான் சொன்னேன். பின்னால் ஓரகத்திகள் கத்துவதும், காவலாளி விசில் ஊதுவதும் கேட்டது. விசிலைக் கேட்டு முன்னால் போனவர்கள் எல்லோரும் திரும்பி ஓடி வந்தார்கள், பல் டாக்டர் முதல் ஆளாக. குறுகலான பாதை. அவர்களுக்கு வழிவிட நான் ஓரம் ஒதுங்க வேண்டியிருந்தது. அதில் மூன்று விநாடி போயிருக்கும், அதை நான் குறையாகச் சொல்லவில்லை.

முடிவுக்கோட்டில் யாரும் இல்லை. புள்ளித் தம்பியும் கணினியை அப்படியே விட்டுவிட்டு ஓடியிருந்தான். பாயை மிதித்தேன். பீப் என்றது. கைதட்ட ஒரு ஆள் இல்லை. முன்னால் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் போய்விட்டதால், நான்தான் முதல். இருபத்தைந்து நிமிடம் ஐம்பத்தொரு விநாடி. என் வாழ்நாளிலேயே வேகமான ஓட்டம். தண்ணீர் குடித்துவிட்டு, அண்ணாவிடம் சொன்னபடி திரும்பிப் போனேன். வாக்குத் தவறுகிறவள் இல்லை நான்.

அதற்குள் அவர்கள் எதிரே வந்துகொண்டிருந்தார்கள். ஆற்றங்கரைப் பாதையில் ஆம்புலன்ஸ் வராது, முடிவுக்கோடு வரைதான் வரும். ஆகவே பல் டாக்டரும் ரொட்டிக்கடைக்காரரும் இன்னும் இரண்டு பேரும் அண்ணாவைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். மாறி மாறித் தூக்க மற்றவர்கள் கூட வந்தார்கள். ஓரகத்திகள் இருவரும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு அழுதபடி வந்தார்கள். ஒரு வருடமாகப் பேசாதவர்கள். அத்தனை பேரும் பாயை மிதித்துத்தான் ஆம்புலன்ஸுக்குப் போக முடியும். பாய் வரிசையாகப் பீப் பீப் என்று சொல்லிக்கொண்டே இருந்தது. அண்ணாவின் கால் தொங்கிக்கொண்டிருந்தது. அதில் கட்டியிருந்த பட்டையையும் அது பதிவு செய்தது. நாற்பத்தெட்டு நிமிடம் பதினேழு விநாடி.

ஆஸ்பத்திரி வராந்தாவில் அண்ணிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். டாக்டர் வந்து சொல்லிவிட்டுப் போய்விட்டார். அண்ணி என் கையை விடவில்லை. "நல்லாத்தானே இருந்தாரு. மோசமா இருந்தா கூப்பிட்டிருப்பாங்கன்னு நீகூடச் சொன்னியாமே" என்றார். ஆமாம் என்று தலையாட்டினேன். அப்போது கைப்பைக்குள் கைப்பேசி அதிர்ந்தது. மத்தியானம் பன்னிரண்டு மணி. யார் இருந்தாலும் இல்லாவிட்டாலும் கணினி தன் நேரத்துக்கு அனுப்பிவிடும். மற்றொரு கையால் பையை விலக்கிப் பார்த்தேன். நாளின் கடினம்: ஐந்து. அதற்குமேல் அதற்கு எண்ணே கிடையாது. நூற்றுக்கணக்கான ஓட்டங்களில் பிசகாத மனிதர் இருபத்திரண்டு நிமிடம் தாமதம் என்றால் பாவம் அது வேறு என்னதான் நினைக்கும். அதன் கீழே என் பெயர். பக்கத்தில் எழுபது புள்ளி ஒன்று.

அழுதுவிட்டேன். அண்ணி என்னைத் தோளில் சாய்த்துக்கொண்டு, "உன்மேல உயிரா இருந்தாரும்மா" என்றார். அன்று வராந்தாவில் என் அளவுக்கு யாரும் அழவில்லை என்று பார்த்தவர்கள் இன்றைக்கும் சொல்கிறார்கள்.

இனி ஆட்சேபத்துக்கு வருகிறேன். அன்றைக்கு எல்லோரும் நின்றுவிட்டார்கள், ஆகவே அது ஓட்டமே இல்லை என்று உங்கள் அறிவிப்பு சொல்கிறது. எல்லோரும் நிற்கவில்லை. ஒருவர் விதிப்படி, கோட்டிலிருந்து கோடு வரை, நிற்காமல் ஓடினார். அவரைத் தண்டிப்பதற்கு எந்த விதியும் இல்லை. அதோடு, ஓட்டத்தை நீக்கினால் அண்ணாவின் கடைசி ஓட்டமும் பட்டியலிலிருந்து போய்விடும். ஒரு நாள்கூட ஓட்டத்தைப் பாதியில் விடாத மனிதருக்கு நாம் செய்யும் மரியாதை அதுதானா என்று யோசியுங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, விதி பதினான்கு இங்கே பொருந்தவே பொருந்தாது. முன்கூட்டி யாருக்கும் தெரியாத நிகழ்வு என்று நீங்கள் எழுதியிருப்பது தவறு. தண்ணீர் ஓட்டத்தின்போது ஒருவருக்குத் தெரிந்திருந்தால் போதும் என்று செயலாளரே தீர்ப்பு எழுதியிருக்கிறார். அந்தக் காவலாளிக்கு ஒரு நாள் முன்னால்தான் தெரியும். எனக்குப் புதன்கிழமை மாலை ஐந்து நாற்பதுக்கே தெரியும்.

ஆதாரத்துக்கு அந்த உறையை இத்துடன் இணைத்திருக்கிறேன். சிவப்புச் சீட்டு, தேதி, நேரம், பெற்றுக்கொண்டவர் என்ற இடத்தில் என் கையெழுத்து, எல்லாம் தெளிவாக இருக்கிறது. பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தால் நல்லது, நிலையத்தில் கோப்பில் வைக்க வேண்டும்.

பலகையில் என் பெயரை எழுதும்போது முழுப் பெயராகவே எழுதச் சொல்லுங்கள். அண்ணா இருந்திருந்தால் இந்த ஆட்சேபத்தில் முதல் கையெழுத்து அவருடையதாகத்தான் இருந்திருக்கும். நேர விஷயத்தில் ஒருவருக்கு அநியாயம் நடப்பதை அவர் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க மாட்டார்.